தாயகம் திரும்பியவர்களின் தாயகம் எது?

போன மாதம் பெருமாள்மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். படித்து முடித்து வேலைக்குப் போகிற பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அவளுடைய அப்பாயியின் பழைய காகிதங்கள். "தாத்தா, அப்பாயிய ஒரு தடவ சிலோனுக்குக் கூட்டிட்டுப் போகணும். என்னென்ன பேப்பர் வேணும், எப்படிப் போகணும்னு உங்களக் கேட்டாத் தெரியும்னாங்க" என்றாள். அப்பாயிக்கு 77 வயது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடிந்து, 1970-களில் கப்பலேறி இங்கே வந்தவர்.

வீட்டில் எதிர்ப்பாம். அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார்: "நம்ம பூர்வீகம் முசிறிப் பக்கம். பார்க்கணும்னா அங்க போங்க. போன்னு அனுப்பிவிட்ட நாட்டுக்குக் காசு செலவழிச்சு எதுக்குப் போகணும்?"

அவர் கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு பேத்திக்குத்தான். ஏன் என்பதையும், போவதென்றால் எப்படிப் போக வேண்டும் என்பதையும் எழுதிவைக்கிறேன். நம் மலையில் இதே யோசனையோடு இன்னும் சில குடும்பங்கள் இருக்கக்கூடும்.

"சிலோன்காரங்க" என்றால் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து 1820-களில் தொடங்கிக் காப்பித் தோட்டத்துக்கும், காப்பி நோய் கண்டு அழிந்த பின் தேயிலைக்கும் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவு. அந்த மீதியை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் பேசும்போது அந்த மக்களை யாரும் கலந்துகொள்ளவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து கிடைத்த பக்கம் போனார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலை கிடைத்தது. இன்னும் பலர் குளிர் பழகிய உடம்பு என்று நம் மலைக்கு ஏறி வந்தார்கள். இங்கே தேயிலை இல்லை. சீகை மரம் வெட்டுவதும் பட்டை உரிப்பதும்தான் வேலை. முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டவர்களும் உண்டு. குண்டுப்பட்டிப் பக்கம் போனால் அவர்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம்.

அரசாங்கக் காகிதத்தில் இவர்களுக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". என் உத்தியோகக் காலத்தில் இந்தச் சொல்லை எத்தனை கோப்பில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் சாதிச் சான்றிதழுக்கு வந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "அது இல்லைங்க, தமிழ்நாட்டுல சொந்த ஊர்" என்றேன். "நான் தமிழ்நாட்டுக்கு இப்பதாங்க வர்றேன்" என்றார். ஊர் பெயர் இல்லாமல் மனுவை வாங்க முடியாது என்று திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. ஆனால் அவர் சொன்னது உண்மை. ஒருவன் பார்த்தே இராத இடத்துக்கு எப்படித் திரும்ப முடியும்? அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்திருக்க வேண்டும். நான் பிறந்தது காரைக்காலில், படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். 1962 ஆகஸ்ட் 16-இல் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. பல வருடங்கள் கழித்துச் சித்தப்பாவின் பிள்ளைகள் பிரான்சிலிருந்து பூர்வீகத்தைப் பார்க்க வந்தார்கள். பழைய வீட்டின் முன்னால் வேனை நிறுத்தி, படம் எடுத்து, திண்ணையைத் தொட்டுப் பார்த்து, அரை மணி நேரத்தில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த தெருவில் என் அத்தை இருந்தாள். அவர்கள் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அந்தக் குடும்பத்தின் நாலு தலைமுறைக் கதை தெரிந்தவள். அவளைப் பார்க்க நேரமில்லை. மறு வருடம் அத்தை போய்விட்டாள். அந்த வீட்டை இன்றைக்கும் பார்க்கலாம். அத்தையிடம் இருந்ததை இனி யாரிடம் கேட்பது?

அதனால் அந்தப் பெண்ணிடம் முதலில் சொன்னேன்: "டிக்கெட் அப்புறம் போடலாம்மா. முதல்ல ஒரு நோட்டு வாங்கு. ஒரு மாசம் அப்பாயி பக்கத்துல உட்காரு."

அந்த நோட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்றும் சொன்னேன். தோட்டத்தின் பெயர் முதலில். அங்கே தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நம் ஆட்கள் வாயில் வழங்கியது ஒன்று. கிழவிகளுக்குத் தெரிந்தது இரண்டாவது, வரைபடத்தில் இருப்பது முதலாவது. இரண்டையும் பொருத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்து எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனையாவது காம்பரா, கங்காணி யார், பெரட்டுக் களம் எங்கே, மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம். எல்லாவற்றையும்விட முக்கியம், கூடப் பிறந்தவர்களிலும் அக்கம்பக்கத்திலும் இந்தியாவுக்கு வராமல் அங்கேயே நின்றுவிட்டவர்கள் யார் யார் என்பது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். நாடில்லாமல் அங்கே தங்கியிருந்தவர்களுக்கு 2003-ஆம் வருடச் சட்டம் இலங்கைக் குடியுரிமை கொடுத்தது. அவர்கள் பிள்ளைகள் அங்கே வாத்தியார்களாக, கடைக்காரர்களாக இருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கோ தோட்டத் தலைவருக்கோ முன்கூட்டியே தகவல் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இடத்தை மட்டும் நம்பிப் போனால் ஏமாற வாய்ப்புண்டு. மவுஸ்ஸாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. நீர் வற்றும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தெரியும் என்கிறார்கள். 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களையே மூடியது. சில தோட்டங்களில் லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள், இந்தியா கட்டிக் கொடுத்த வீடுகளும் அதில் உண்டு. சில இடங்களில் தேயிலையே காடாகிவிட்டது. ஆள் இருந்தால் "இங்கதான் இருந்துச்சு" என்று கைகாட்டுவார். ஆள் இல்லாவிட்டால் வெறும் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மலை நமக்கு இங்கேயே இருக்கிறது.

மற்றவை சுலபம். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், இலங்கைக்கு இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 முதல் கப்பல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து மலையகம் வெகு தூரம், 77 வயதுக்கு ஆகாது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து பதுளை ரயில் பாதையில் ஹட்டன். மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் மழை குறைவு. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நுவரெலியாவில் கூட்டம், அதைத் தவிர்க்கலாம். அப்பாயியின் பழைய காகிதங்களின் நகலைக் கொண்டுபோக வேண்டும், அசலை அல்ல. பிறப்புப் பதிவின் நகல் வேண்டுமென்றால் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காம்பராவில் இன்றைக்கு வேறு குடும்பம் இருக்கும். நம் பூர்வீகம் என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையக் கூடாது. வாசலில் நின்று கேட்டு, அவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும். ஏழு நாளில் எட்டு ஊர் என்கிற டூர் வேண்டாம். ஹட்டனிலேயே நாலைந்து நாள் தங்கட்டும். முதல் நாள் கிழவிக்கு அழுகை வரும். மூன்றாம் நாள்தான் பேச்சு வரும்.

அப்பாவின் முசிறி வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். முசிறிக்கும் போகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அங்கே குலதெய்வம் இருக்கும், பங்காளிகள் இருந்தால் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அது காகிதம் காட்டும் ஊர். அப்பாயியின் அம்மா அப்பாவைப் புதைத்த மண் ஹட்டனில் இருக்கிறது. துரத்தியது அரசாங்கம், அந்த மண் துரத்தவில்லை. அந்த அரசாங்கத்தின் மேல் உள்ள கோபத்துக்காகக் கிழவியின் ஆசையைத் தடுத்தால் தண்டனை யாருக்கு?

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். நோட்டில் பாதி நிறைந்திருந்தது. கடைசியில் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினாள். அப்பாயிக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, நாற்பது நாளில் இறந்து, தோட்டத்து மயானத்தில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. "யாரும் கேக்கலையே" என்றாராம். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது அந்த அப்பாவுக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

"அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல தாத்தா. பாஸ்போர்ட் எடுக்க எத்தன நாள் ஆகும்னு மட்டும் கேட்டாரு."

மாசியில் கிளம்புவதாக இருக்கிறார்கள். இந்த மலையில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு அப்பாயியோ தாத்தாவோ இருந்தால், பயணம் போகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.