சுவருக்குச் சட்டை! சொரசொரப்புப் பூச்சு வீட்டைக் காக்குமா?

சேலத்துக்குத் தெற்கே இருக்கிறது பனமரத்துப்பட்டி. ஒரு காலத்தில் சேலம் நகருக்குக் குடிநீர் கொடுத்தது இந்த ஊர் ஏரிதான். பிறகு ஏரி வறண்டது. பல ஆண்டுகள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது.

ஏரித் தண்ணீருக்கும் வீட்டுச் சுவருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

புது வீடு கட்டுகிறவர்கள் பலர், இப்போது வெளிச்சுவரைச் சொரசொரப்பாகப் பூசச் சொல்கிறார்கள். கடைக்காரர்கள் இதை "டெக்ஸ்சர்" என்கிறார்கள். பசையும், கல் தூளும், பொடி மணலும் சேர்ந்த குழம்பு அது. சுவரில் தடவி உருளையால் உருட்டினால், மரப்பட்டை போலத் தெரியும்.

இது முழுக்கப் புதுமை அல்ல. சிமெண்டுக் கலவையைக் கரணையால் சுவரில் வீசி அடிக்கும் முறை பழையது. வெளிப்பூச்சு வேலைக்கு 1963-லேயே இந்தியத் தர விதி வந்துவிட்டது.

மறைவது எது?

சொரசொரப்பில் ஒரு வசதி உண்டு. சுவரின் மேடு பள்ளம் தெரியாது. மயிரிழை போன்ற விரிசலும் கண்ணில் படாது.

ஆனால், கண்ணில் படாத விரிசல் மழைக்குத் தெரியும்! தண்ணீர் உள்ளே இறங்கினால் பூச்சு உப்பும்; பிறகு உதிரும். செலவழித்த பணமும் உதிரும்.

விரிசல் ஏன்?

முதல் காரணம் மணல். ஆற்று மணல் அரிதாகிவிட்டது. கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலுக்குத் தமிழக அரசு 2023-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. இதில் கான்கிரீட்டுக்கு "எம்-சாண்டு". பூச்சுக்கு அதைவிடப் பொடியான "பி-சாண்டு". வெறும் கிரஷர் தூளைக் கலந்தால், கலவை அதிகத் தண்ணீர் குடிக்கும். காயும்போது சுருங்கி வெடிக்கும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஆகவே, பூசிய சுவரை ஏழு நாளாவது நனைக்க வேண்டும். சேலத்து வெயிலில் காலையில் நனைத்த சுவர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீட்டில், இரண்டு நாளோடு நிறுத்தத்தான் தோன்றும். ஏரி வறண்ட ஊரின் கஷ்டம், சுவரிலும் விரிசலாகத் தெரிகிறது!

என்ன செய்யலாம்?

கண்ணாடி டம்ளரில் ஒரு பிடி மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தெளிய விடுங்கள். மேலே கனமாகத் தூள் படிந்தால், அந்த மணல் பூச்சுக்கு ஆகாது. நனைத்த சாக்கைச் சுவரில் தொங்கவிட்டால் குறைந்த தண்ணீரே போதும். நாலு வாரம் சுவரை ஆற விடுங்கள். விரிசலை அடைத்த பிறகு சொரசொரப்புப் பூச்சைப் பூசுங்கள்.

சட்டை பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் உடம்பு தேறட்டும்!