உப்பினுள் உறையும் நீர்

இரசாயனச் சாலையிற் புகுந்த தொடக்க நாட்களிலேயே நம் மாணவர் காணும் காட்சி ஒன்றுண்டு. நீலமணி போன்ற மயில்துத்தத்தைப் பீங்கான் மூசையிலிட்டுச் சூடேற்ற, நீலம் நீங்கி வெண்பொடி எஞ்சுகின்றது. முன்னும் பின்னும் எடை பார்த்துக் கணக்கிட்டு, நீரின் பங்கு ஐந்து என்று ஏட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையொப்பம் பெற்றுவிட்டால் அப்பாடம் முடிந்தது. வாய்பாட்டில் உப்பின் பெயரை அடுத்து ஒரு புள்ளி. புள்ளியை அடுத்து ஓர் எண். எண்ணை அடுத்து நீர். அந்நீர் அவ்வுப்பினுள் எங்கே இருந்தது, எதனைப் பற்றி நின்றது, அது நீங்கியவுடன் படிகம் ஏன் பொடியாயிற்று என்று வினவுவார் மிகச் சிலர். இதற்கு மாணவரைக் குறைகூறுதல் முறையன்று. வினாத்தாளே அவ்வாறு வினவுவதில்லை. ஆயினும், அப்புள்ளிக்குப் பின்னேதான் படிக நூலின் சுவை பெரிதும் அடங்கியுள்ளது என்பதும், அதனைக் கற்பிக்கும் முறை நம் கல்லூரிகளில் மாறவேண்டும் என்பதும் ஈண்டு யாம் கூறப் புகுந்த கருத்தாகும்.

படிகம் என்பது அணுக்கள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அணிவகுத்து நிற்கும் கட்டடம். அக்கட்டடத்தின் உள்ளமைப்பை ஊடுகதிர்களால் அறியலாம் என்று 1912இல் லாவே என்னும் செருமானிய அறிஞர் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே பிராக் என்னும் தந்தையும் மகனும் உப்புக்களின் அமைப்பை அளந்து கூறத் தொடங்கினர். மயில்துத்தத்தின் உள்ளமைப்பை 1934இல் பீவர்ஸ், லிப்ஸன் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். ஐந்து நீரும் ஒரே தன்மையன அல்ல என்பது அப்பொழுது புலனாயிற்று. நான்கு நீர் மூலக்கூறுகள் செம்பைச் சூழ்ந்து நிற்கின்றன. ஐந்தாவதோ செம்பைத் தீண்டுவதேயில்லை. அது தன் ஹைட்ரஜன் அணுக்களைக் கைகளாக நீட்டி, அயலிலுள்ள ஆக்ஸிஜன்களைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது. ஏட்டிலே ‘ஐந்து’ என்று ஒரே எண்ணாக எழுதப்படுவது, படிகத்தினுள்ளே நான்கும் ஒன்றுமாகப் பிரிந்து இருவேறு தொழில் புரிகின்றது.

இங்ஙனம் பற்றி நிற்பதற்கே ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஓர் ஆக்ஸிஜனோடு நெருங்கி ஒட்டிய ஹைட்ரஜன் அணு, அண்டையிலுள்ள மற்றோர் ஆக்ஸிஜனையும் தன்பால் ஈர்க்கின்றது. இதன் வலிமை சாதாரண இரசாயனப் பிணைப்பின் வலிமையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. தனித்தனியே நோக்கின் மெலிதாயினும், பலவாகக் கூடியவழிப் படிகம் முழுவதையும் தாங்கவல்லது. பல நூல் திரண்டு தேர்வடமாதலை அறியாதார் யார்?

இதற்கு உதாரணம் தேடி மேனாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. திந்திரிணி என்பது புளிக்கு வடமொழிப் பெயர். புளிய மரங்கள் அடர்ந்திருந்தமையால் ‘திந்திரிணி வனம்’ எனப்பட்ட ஊரே திண்டிவனம் என மருவிற்று என்பர். அவ்வூரில் எழுந்தருளியுள்ள சிவபெருமானும் திந்திரிணீசுவரர் என்றே வழங்கப்படுகின்றார். புளிக்கு அதன் சுவையைத் தருவது டார்டாரிக் அமிலம். புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இவ்வமிலம் உண்டு. இதனோடு பொட்டாசியமும் சோடியமும் கூடிப் பிறக்கும் உப்புக்கு ரோஷல் உப்பு என்று பெயர். பிரான்சு தேசத்து லா ரோஷல் நகரில் 17ஆம் நூற்றாண்டில் செய்னெட் என்னும் மருந்து வணிகர் இதனைப் பேதி மருந்தாகச் செய்து விற்றமையின் இப்பெயர் வந்தது.

இவ்வுப்பின் ஒவ்வொரு பங்கோடும் நான்கு பங்கு நீர் சேர்ந்துள்ளது. எடையில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் நீரே எனின், தொட்டால் ஈரமின்றிக் கண்ணாடிபோல் விளங்கும் அப்படிகத்தைக் கையிலெடுத்தவர் வியப்படையாதிரார். படிகக் கட்டடத்தின் சிறு செங்கல்லாகிய ஓர் அலகுக் கூட்டினுள் நான்கு பங்கு உப்பும் பதினாறு நீர் மூலக்கூறுகளும் அடங்கும். சில நீர்கள் உலோக அணுக்களை அணைத்து நிற்கின்றன. அவையே தம் ஹைட்ரஜன்களால் டார்ட்ரேட்டின் ஆக்ஸிஜன்களையும் அண்டை நீர்களையும் இணைக்கின்றன. ஆகவே அந்நீர் வந்து தங்கிய விருந்தன்று. கூரையைத் தாங்கும் தூண். உலர்ந்த காற்றில் நெடுநாள் வைத்தால் நீர் கசிந்து நீங்க, படிகத்தின் முகம் வெண்மை பூத்துப் பொடியாகின்றது. ஏறக்குறைய 75 பாகைக்குச் சூடேற்றினாலோ, தன்னுள் இருந்த நீரிலேயே தான் கரைந்து உருகுகின்றது. தூண் பெயர்ந்த வீடு நில்லாதன்றோ?

இவ்வுப்பின் சிறப்பு இத்துடன் முடியவில்லை. இதனை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று 1880இல் கியூரி சகோதரர் கண்டனர். வெளியிலிருந்து மின்புலம் தராதவிடத்தும் இது தன்னுள்ளே மின்முனைகளைக் கொண்டு நிற்கும் என்றும், அம்முனைகளை மாற்றியமைக்கலாம் என்றும் 1920இல் அமெரிக்காவில் வாலசெக் என்னும் ஆராய்ச்சி மாணவர் கண்டார். பின்னர் ஒலிவாங்கிகளிலும் இசைத்தட்டுப் பெட்டிகளின் ஊசித் தலைகளிலும் இப்படிகம் பயன்பட்டது. வாலசெக் கண்ட குணம் −18 பாகைக்கும் 24 பாகைக்கும் இடையில் மட்டுமே உளது. படிகத்திலுள்ள ஹைட்ரஜனை நீக்கிக் கன ஹைட்ரஜனை வைத்தாலோ, மேல் எல்லை 35 பாகைக்கு உயர்கின்றது. கீழ் எல்லை −22 பாகைக்குத் தாழ்கின்றது. வேறு எதனையும் மாற்றாது ஹைட்ரஜனை மட்டும் மாற்ற, எல்லைகள் இரண்டும் நகர்கின்றன எனின், அப்பிணைப்புகளுக்கும் இக்குணத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. நம் நாட்டுப் பகற்பொழுதில் வெப்பம் பெரும்பாலும் 24 பாகைக்கு மேலேயே நிற்பதால், இக்குணத்தைக் காண விரும்பும் மாணவர் படிகத்தைக் குளிரச் செய்தல் வேண்டும், அல்லது மார்கழி விடியலுக்குக் காத்திருத்தல் வேண்டும்.

வெப்பத்தையும் நீரின் எண்ணிக்கையையும் பற்றிப் பேசுமிடத்துப் பாஸ்டரை நினையாதிருத்தல் இயலாது. 1848இல், தம் இருபத்தைந்தாம் வயதில், அவர் சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் என்னும் உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் நோக்கி, வலப்பக்கம் சாய்ந்தன ஒருபுறமும் இடப்பக்கம் சாய்ந்தன மறுபுறமுமாகப் பொறுக்கிப் பிரித்தார். மூலக்கூறுகளுக்கும் வலக்கை இடக்கை உண்டு என்னும் பேருண்மை அங்கே பிறந்தது. ஆனால் அவ்வாறு இருவகையாகப் பிரிந்து விளைவது நான்கு நீர் கொண்ட உப்பே. அது ஏறக்குறைய 27 பாகைக்குக் கீழ்தான் விளையும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் நீர் குறைந்து, வலமும் இடமும் ஒரே படிகத்துள் கலந்து விளைகின்றன. பாரிஸ் நகரத்தின் குளிர் பாஸ்டருக்குத் துணைசெய்தது. அதே பரிசோதனையைச் சித்திரை மாதத்தில் நம் திண்டிவனத்தில் திறந்த வெளியில் செய்திருப்பின், பொறுக்குவதற்கு ஒன்றும் கிடைத்திராது. நீரின் எண்ணிக்கை வெறும் எண்ணன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இஃதெல்லாம் ஆராய்ச்சியாளர்க்கே உரியது, எளிய மக்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்போர் உளர். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குத் தாய் கரைத்தூட்டும் உயிர்காக்கும் உப்புக்கரைசல் பொட்டலத்தை அவர்கள் எடுத்து நோக்குவாராக. உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி வகுத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தில் சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உண்டு. அஃது இரண்டு நீர் கொண்ட உப்பு. நீரற்ற உப்பை அதற்குப் பதிலாக இடுவோமாயின் ஏறக்குறைய 2.5 கிராமே போதும். முற்காலத்தில் இதனிடத்தில் வைக்கப்பட்ட சோடியம் பைகார்பனேட், வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் நெடுநாள் கெடாமல் இருக்கமாட்டாமையாலேயே சிட்ரேட் உப்பு வந்தது. மருந்து செய்வோன் புள்ளியையும் எண்ணையும் பொருட்படுத்தாது நிறுப்பானாயின் அளவு பிழைபடும். புள்ளிக்குப் பின்னுள்ள நீர் ஒரு குழந்தையின் உயிரோடு தொடர்புடையது என்று உணர்ந்தவன் அதனை மறவான்.

நிற்க. திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களை அங்கே காணலாம். சமணப் பெரியோர் அணுவைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதற்கு அவற்றின் பசைத்தன்மையும் வறட்சித்தன்மையுமே காரணம் என்பது உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரத்திற் கண்ட கொள்கை. இதனை எடுத்துக்காட்டி, ஹைட்ரஜன் பிணைப்பை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோமாயின் அது நகைப்புக்கே இடமாகும். அவர்கள் சிந்தையால் கொண்டது ஒரு கொள்கை. ஊடுகதிர் அளந்து காட்டுவது ஒரு தூரம். ஆயினும், ‘பொருள்கள் எதனாற் பிணைகின்றன?’ என்னும் வினா இம்மண்ணுக்கு அயலானதன்று. வினா நமக்குரியது, விடை காணும் முறையை உலகெங்கணுமிருந்து கற்றுக்கொள்ளல் நம் கடமை. மேல்சித்தாமூர் போன்ற சிற்றூரிலிருந்து வந்து கற்கும் மாணவன், படிக நூல் என்பது செருமனியிலும் இங்கிலாந்திலும் விளைந்து இங்கே இறக்குமதியான சரக்கு என்று எண்ணியவாறே பட்டம் பெற்று வெளியேறுவானாயின், அக்குறை அவனதன்று, நமது.

அவ்வெண்ணம் பிழையென்பதற்கு நம்மவர் வரலாறே சான்று. கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். பின்னதில் இரசாயனச் செய்முறை ஆசிரியராகவும் இருந்தவர். அக்காலத்தில் நண்பகல் உணவு வேளையில் மாணவர் தம்மிடம் வந்து எதனையும் வினவ இடமளித்தார். பின்னாளில் படிகங்களின் காந்த குணத்தை அளந்து, அவற்றினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதை அறியும் வழியைக் கண்டு, 1940இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கோபிநாத் கர்த்தாவுடன் கூடி, நம் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954–55இல் நிறுவினார். இழைகளுக்கிடையே எத்துணை ஹைட்ரஜன் பிணைப்புகள் உள என்பது பற்றி மேனாட்டாரோடு வாதம் எழுந்தது. 1968இல் அவரும் சந்திரசேகரனும், அப்பிணைப்புகளிற் சில நீர் மூலக்கூறுகளை இடைநிறுத்தி அமைகின்றன என்று கூறினர். 1994இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கொலாஜனை ஒத்த பொருளொன்றைப் படிகமாக்கி நோக்கியபொழுது, இழைகளைச் சூழ்ந்து நீர்ப்பாலங்கள் நிறைந்திருக்கக் கண்டனர். உப்பினுள் தூணாய் நிற்கும் நீர், நம் உடம்பினுள் பாலமாயும் நிற்கின்றது.

இனி, எம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. சிறு கல்லூரியில் ஊடுகதிர்க் கருவிக்கு எங்கே போவது என்பது ஒன்று. பாடத்திட்டம் முன்னரே பெருஞ்சுமையாய் இருக்கின்றதே என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை: பாஸ்டரிடம் ஊடுகதிர்க் கருவி இல்லை, கண்ணும் இடுக்கியும் பொறுமையுமே இருந்தன. ஒரு பொருளின் படிகங்கள் பெரிதாயினும் சிறிதாயினும், ஒத்த முகங்களுக்கிடையேயுள்ள கோணம் மாறாது என்னும் விதிக்கு அடிகோலியவர் 1669இல் ஸ்டெனோ என்பவர். அட்டையும் கோணமானியும் கொண்டு நம் மாணவரும் அதனை அளந்தறியலாம். இரண்டாவதற்கு விடை: யாம் வேண்டுவது புதிய பாடமன்று, பழைய பாடத்தில் ஒரு படிகம்.

ஒவ்வொரு மாணவனும் ஆண்டுக்கு ஒரு படிகமேனும் தன் கையால் வளர்க்கட்டும். புளிக்கரைசலில் சுண்ணாம்பு சேர்க்க வெண்ணிறமாய் வீழும் கால்சியம் டார்ட்ரேட்டும் நான்கு நீர் கொண்ட உப்பே என்று அறியட்டும். கடையிற் கிடைக்கும் பொட்டாசியம் டார்ட்ரேட்டின் புளிப்புப் பொடியை வெந்நீரிலிட்டு, நுரை அடங்குமட்டும் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வடிகட்டிச் சுண்டவைத்து ஆறவிட்டால் ரோஷல் உப்பு விளையும். நல்ல சிறு படிகம் ஒன்றை நூலிற் கட்டி, தெளிந்த கரைசலில் தொங்கவிட்டு, தூசு படாமல் மூடி, நாள்தோறும் அதன் வளர்ச்சியைக் குறித்து வரட்டும். மழைக்காலத்தில் அது ஈரம் வாங்குவதையும் கோடையில் வெண்மை பூப்பதையும் காணட்டும். பின்னர் மூசையிலிட்டுச் சுட்டு நீரின் பங்கைக் கணக்கிடட்டும். தான் வளர்த்ததைத் தானே சுடும் மாணவன், நீர் நீங்குகையில் என்ன நேர்கின்றது என்று வினவாதிருக்கமாட்டான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வில் நீரின் எண்ணிக்கையைக் கேட்குமிடத்து, அந்நீரின் தொழில் யாது என்னும் ஒரு வினாவையும் சேர்ப்பீராக. பழைய மாணவருள் ஆராய்ச்சிக் கூடங்களில் பணிபுரிவோர், நம் மாணவர் வளர்த்த சிறந்த படிகத்தை வாங்கி ஊடுகதிரில் வைத்து, அதன் உள்ளமைப்பின் படத்தை அவர்களுக்கே அனுப்பி உதவுவாராக. தன் கையில் விளைந்த உப்பினுள் நீர் நிற்கும் இடத்தை ஒருமுறை கண்ட மாணவனுக்கு, வாய்பாட்டிலுள்ள புள்ளி பின்னொருகாலும் வெறும் புள்ளியாய்த் தோன்றாது.