நல்ல கேன்சராம்!

"கேன்சரிலேயே இதுதாங்க நல்ல கேன்சர். தைரியமா இருங்க." தைராய்டில் புற்றுநோய் என்று தெரியவந்த யாரைக் கேட்டாலும், இதை யாரோ ஒருவர் தன்னிடம் சொன்னதாகச் சொல்வார். பல நேரம் சொன்னவர் மருத்துவராகவே இருப்பார். வீட்டுக்கு வந்து சேர்ந்தால், பார்க்க வரும் சித்தி இன்னும் ஒரு படி மேலே போவார்: "தைராய்டு தானேடி? எனக்கும் பத்து வருஷமா இருக்கு. காலையில ஒரு மாத்திரை, அவ்வளவுதான்." சித்திக்குச் சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை. இவளுக்குச் சுரப்பியில் புற்று வந்து, கழுத்தைத் திறந்து சுரப்பியையே எடுத்தாகிவிட்டது. மாத்திரை ஒன்று என்பதால் நோயும் ஒன்று என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தைராய்டு புற்றுநோய்களில் பத்தில் எட்டு, பாப்பில்லரி என்ற வகை. மெதுவாக வளரும், அறுவைக்கும் கதிரியக்க அயோடினுக்கும் பெரும்பாலும் கட்டுப்படும். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம் 98 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கணையத்தில் புற்று வந்தவர்கள் கனவிலும் காணாத எண் அது. இதை நோயாளியிடம் சொல்லத்தான் வேண்டும், முதல் நாளே சொல்ல வேண்டும். என் சண்டை அந்த எண்ணோடு இல்லை. அதைச் சொன்னதும் பேச்சை முடித்துக்கொள்கிறோமே, அதோடுதான்.

முதலில், பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. அமெரிக்கத் தலைமை நீதிபதி வில்லியம் ரெங்க்விஸ்ட்டுக்குத் தைராய்டு புற்றுநோய் என்று 2004 அக்டோபரில் அறிவித்தார்கள். 2005 செப்டம்பரில் அவர் உயிரோடு இல்லை. அனபிளாஸ்டிக் என்ற அரிய வகை வந்தால் பெரும்பாலும் மாதக்கணக்குதான். மெடுல்லரி வகைக்குக் கதிரியக்க அயோடின் வேலை செய்யாது. அது வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் பரம்பரையாக, ரெட் என்ற மரபணுவின் மாற்றத்தால் வருகிறது. அக்காவுக்கு வந்தால் தம்பியும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய். 'நல்ல கேன்சர்தான்' என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்த குடும்பம், எந்த வகை என்று பயாப்ஸி அறிக்கையைப் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை.

உயிர் பிழைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பதன் ஆபத்துக்கு இந்தச் சுரப்பியின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். கழுத்துக் கழலையை அறுக்கப் போனால் மேசையிலேயே ரத்தம் கொட்டி நோயாளி சாவது சாதாரணமாக இருந்த காலம். அந்தச் சாவுகளைப் படிப்படியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தவர் அவர். 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியை முழுவதுமாக எடுத்தார். காயம் ஆறியது, வீட்டுக்கு அனுப்பினார், கணக்கில் வெற்றி. பிறகு, பிள்ளை ஆளே மாறி மந்தமாகிவிட்டாள் என்று தகவல் வந்தது. கடைசியில், முழுச் சுரப்பியை இழந்த தன் பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகப் பரிசோதித்தார் கோக்கர். முகம் ஊதி, உடம்பு குளிர்ந்து, பேச்சு இழுத்து, யோசனை தளர்ந்து வந்து நின்றவர்கள் பலர். 1883இல் அதை மருத்துவ உலகத்தின் முன் அவரே எடுத்துவைத்தார். சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதைக் கைவிட்டார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெருமையில் அவருடைய கத்திக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு 'எப்படி இருக்கிறாய்' என்று பார்த்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன்.

இப்போது சுரப்பி தரும் ஹார்மோனுக்குப் பதிலாகத் தைராக்ஸின் மாத்திரை இருக்கிறது, யாரும் அந்தக் கதிக்குப் போவதில்லை. உண்மைதான். ஆனால் 'காலையில ஒரு மாத்திரை' என்று சித்தி சொல்லும் அந்த மாத்திரையின் நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு பள்ளி ஆசிரியை. ஐந்து மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குகிறார். அதன் பிறகு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி கூடாது. தைராய்டின் முதுகில் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பாற்றுவது அவைதான். அறுவையில் அவை அடிபட்டிருந்தால் கால்சியம் மாத்திரையும், அதை உடம்பு உறிஞ்ச உதவும் கால்சிட்ரியாலும் சேர்கின்றன. கால்சியத்துக்கும் தைராக்ஸினுக்கும் ஆகாது, நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதற்கும் இதே விதி. ஆகவே கால்சியம், பள்ளிக்கூடத்தில் பத்தரை மணி இடைவேளையில். பரீட்சை மேற்பார்வை, பெற்றோர் வருகை என்று ஒரு நாள் அது விட்டுப்போனால், மத்தியானம் உதட்டைச் சுற்றிச் சுருக்சுருக்கென்று குத்தும்; கரும்பலகையில் எழுதும்போது விரல்கள் சாக்பீஸோடு இழுத்துக்கொள்ளும். குரல்நாணுக்குப் போகும் நரம்பும் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறது. அது சற்று இழுபட்டிருந்தாலே போதும், நாலாவது பீரியடுக்குக் குரல் கம்மிவிடும். சுரப்பியின் அருகிலேயே போகும் இன்னொரு நரம்புக்கிளை கெட்டால் பேச்சு வரும், மேல் ஸ்தாயி வராது. பாடுகிறவருக்குத்தான் அது தெரியும். கேட்கிறவர்கள் 'நல்லாத்தானே பேசுறே' என்பார்கள்.

புற்று திரும்ப வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்குத் தைராக்ஸினை உடம்பின் தேவைக்குச் சற்று மேலேயே கொடுத்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவை அமுக்கி வைப்பார்கள். நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம். வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். முடி கொட்டி மொட்டையாகவில்லை, வாந்தி எடுத்துப் படுக்கவில்லை. சினிமா நமக்குக் காட்டிய கேன்சர் இதில் எங்கும் இல்லை. அதனால் நம்புவதற்கும் ஆள் இல்லை.

நம் வீடுகளுக்குக் கொஞ்சமும் பிடிபடாதது, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள். எல்லோருக்கும் அந்தச் சிகிச்சை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு டிஎஸ்எச் ஏறியிருந்தால்தான் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை இழுக்கும். அதை ஏற்ற ஊசி உண்டு. விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரம் தைராக்ஸினையே நிறுத்தி வைக்கிறார்கள். கோக்கர் பார்த்துப் பதறினாரே, அந்த மந்தத்தைத் தெரிந்தே வரவழைக்கிறார்கள். மே மாதத்தில் குளிரும். மாடி ஏற முடியாது. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். 

அதே நாட்களில்தான் அயோடின் குறைந்த சாப்பாடும். இந்தியாவில் கழலை நோயை ஒழிப்பதற்காக, உணவுக்கென்று அயோடின் கலக்காத உப்பை விற்பதற்கு 2006 முதல் தடை இருக்கிறது. நாட்டுக்கு நல்ல சட்டம், இந்தச் சிகிச்சைக்குக் காத்திருப்பவளுக்கு மட்டும் தொல்லை. கல்லுப்பு என்றால் அயோடின் இருக்காது என்று நம்பி வாங்குவார்கள். பாக்கெட்டைத் திருப்பினால் அயோடின் கலந்தது என்று அச்சாகியிருக்கும். அயோடின் இல்லாத உப்பை மருத்துவமனை கைகாட்டும் இடத்தில் தேடி வாங்க வேண்டும். உப்பைத் தீர்த்தாலும் வேலை முடியவில்லை. பால், தயிர், மோர் கூடாது. மீன், கருவாடு, முட்டை மஞ்சள் கரு, பேக்கரி பிஸ்கட் கூடாது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் பழைய உப்பு இருக்கிறது. வீட்டு இட்லி மாவில் ஏற்கெனவே உப்புப் போட்டாயிற்று. கடுங்காப்பியும் தனிச் சட்டியில் வைத்த பருப்பும் ரசமும் சோறும்தான் கதி. கால் எழும்பாத அந்த உடம்போடு ஊருக்கெல்லாம் ஒரு சமையல், தனக்கு ஒரு சமையல் என்று இரண்டையும் அவளே செய்வாள். நல்ல கேன்சர் வந்தவளுக்கு அடுப்படியிலிருந்து யார் விடுப்புக் கொடுப்பார்கள்?

பிறகு தனியறை. சிகிச்சைக்குக் கொடுத்த அயோடின்-131இன் கதிரியக்கம் பாதியாகக் குறைய எட்டு நாள் ஆகும். மருத்துவமனையிலிருந்து விட்ட பிறகும் சில நாட்கள் கைக்குழந்தையை அணைக்கக் கூடாது, தனிப்படுக்கை. ஆறு மாதமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம், அதுவும் குழந்தை பெறும் வயதில் நிறைய. 'வெறும் தைராய்டு' என்று சொன்ன அதே வாய்தான் 'இன்னும் விசேஷம் இல்லையா' என்றும் கேட்கும்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. 'நீங்கள் பயமுறுத்துகிறீர்கள், பயம்தான் தேவையில்லாத அறுவைகளுக்குக் காரணம்' என்பார்கள். தென்கொரியாவைக் காட்டுவார்கள். அங்கே உடல் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் சேர்ந்துகொள்ள, 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. சாவு விகிதம் அசையவில்லை. கண்டுபிடித்த கட்டிகளில் பெரும்பாலானவை கண்டுபிடிக்காமலே விட்டிருக்கலாம் என்று பொருள். முழுக்கச் சரி. ஆனால் அதே கொரியக் கணக்கில் அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு குறைபாடும் 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழப்பும் வந்ததே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? நோய் அவ்வளவு சாது என்றால் கத்தியை எடுக்குமுன் யோசியுங்கள். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஆபத்துக் குறைந்த கட்டிகளை உடனே அறுக்காமல் கண்காணித்து வரும் முறையை 1993இலேயே தொடங்கிவிட்டது. அறுவைக்குக் கையெழுத்து வாங்கும்வரை கேன்சர், தையல் பிரித்த மறுநாளிலிருந்து நல்ல கேன்சர் என்ற கணக்கு நோயாளியைத் தவிர எல்லோருக்கும் வசதியானது.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தைராய்டு புற்றிலிருந்து மீண்ட 1,174 பேரிடம் வாழ்க்கைத் தரம் பற்றிக் கேட்டு 2015இல் வெளியிட்டார்கள். உயிருக்கு இதைவிட ஆபத்தான புற்றுநோய்கள் வந்தவர்களின் நிலைக்கு இவர்கள் நிலை சமமாகவோ மோசமாகவோ இருந்தது. இளையவர்களும் பெண்களும் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள். சக நோயாளிகளின் குழுக்களில் இருந்தவர்களும் அப்படியே. இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, நாலு பேர் கூடி உட்கார்ந்து புலம்பினால் இப்படித்தான்' என்று சொல்ல ஆள் உண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம் என்பதற்காக ஆஸ்பத்திரிதான் நோயைத் தருகிறது என்று சொல்வதுபோல இருக்கிறது இது. நொந்தவர்தானே துணை தேடிப் போவார்?

நம்மிடம் அந்தத் துணைக்கும் வழி இல்லை. புற்றுநோயாளிகள் கூடும் இடத்துக்குப் போனால் இவர்கள் வாயைத் திறக்கக் கூசுகிறார்கள். பக்கத்தில் மார்பகத்தை இழந்தவர், கீமோவில் முடி இழந்தவர். 'அவங்க முன்னாடி நான் எதைச் சொல்ல' என்று பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். வீட்டிலும் சொல்ல முடியாது, கல்யாணமாகாத பெண்ணென்றால் சொல்லவே விடமாட்டார்கள். கழுத்துத் தழும்பை மறைக்கத் துப்பட்டாவைச் சுற்றிவிடுவார்கள். மிஞ்சுவது ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் பெஞ்ச்தான். "உங்களுக்கும் உதடு மரத்துச்சாக்கா?" "ஆமாம்மா. பர்ஸுலயே ரெண்டு கால்சியம் மாத்திரை போட்டு வெச்சுக்கோ. மாத்திரையை நிறுத்தின மாசம் அழுகை அழுகையா வரும், உனக்குப் பைத்தியம்னு நெனைச்சுக்காதே." ஐந்து நிமிடத்தில் அந்த அக்கா சொன்னது டிஸ்சார்ஜ் தாளில் இல்லை. அமெரிக்காவில் மீண்டவர்களே சேர்ந்து 1995இல் தைக்கா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அயோடின் குறைந்த சமையலுக்கென்றே ஒரு புத்தகம் தொகுத்து இலவசமாகத் தருகிறார்கள். சோறும் குழம்பும் சாப்பிடுகிற நமக்கு அப்படி ஒன்றை நம் நோயாளிகள்தான் எழுத முடியும். அந்தப் பெஞ்சு அக்கா மருந்தளவைச் சொல்லக் கூடாது, அது மருத்துவர் வேலை. மற்றதெல்லாம் அவர் சொல்லலாம், அவர்தான் சொல்ல முடியும்.

மருத்துவர்களே, '98 சதவீதம்' என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் கால்சியம், குரல், மாத்திரை நிறுத்தும் வாரங்கள் இவற்றைச் சொல்லுங்கள். போன வருடம் இதே சிகிச்சையைக் கடந்த ஒருவரை, அவர் சம்மதத்தோடு, புதிதாக வந்த நோயாளிக்கு அறிமுகப்படுத்துங்கள். செலவில்லாத காரியம். வீட்டிலிருப்பவர்களே, தைராக்ஸினை நிறுத்தி வைக்கும் அந்த நான்கு வாரம் உங்கள் வீட்டில் யார் சமைப்பது, யார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்பதைச் சிகிச்சைத் தேதி குறிக்கும் அன்றே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அதற்குப் பிறகு சொல்லலாம்.