மத்தியானத்தில் நடக்கும் ரத்தக்காட்டேரி

முர்னாவின் 'நொஸ்ஃபெராட்டு' (1922) படத்தில் பிரபு ஓர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்துபோகும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். சுவர்களில் வெயில் அடிக்கிறது. பட்டப்பகல். ஆனால் படத்தின் முடிவில் அவனைக் கொல்வதே விடியற்காலை வெளிச்சம்தான். அப்படியென்றால் மத்தியானத்தில் ஊர் சுற்றியவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

கேட்டால், "அந்தக் காலத்துப் படம், லாஜிக் எல்லாம் பார்க்காதே" என்று சொல்லிவிடுவார்கள். முர்னாவ் அவ்வளவு முட்டாளா? அன்றைய ஃபிலிம் சுருளை வைத்து இருட்டில் ஒரு தெருவைப் படம்பிடிக்க முடியாது. அதனால் பகலிலேயே எடுத்துவிட்டு, திரையிடப்போகும் பிரதியில் அந்தப் பகுதிக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் வந்தால் இரவு, மஞ்சள் வந்தால் பகல் அல்லது விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்பு வந்தால் விடியல். அன்றைய பார்வையாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு பிரதியிலிருந்து பிரதி எடுத்தபோது கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தார்கள். சாயம் போனது. அதோடு இரவும் போனது.

நான் முதலில் பார்த்ததும் அப்படியொரு மலிவு டிவிடிதான். பின் அட்டையில் 'டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள், வேகம் என்ன, யாருடைய இசை, ஒரு வார்த்தை இல்லை. பின்னாளில் பிரெஞ்சு சினிமதெக்கில் இருந்த சாயமேற்றிய பிரதியை அடிப்படையாக வைத்துச் செய்த மீட்டெடுப்பைப் பார்த்தேன். அதே தெரு, அதே ஓர்லோக். ஆனால் நீலத்தில். ஊரே தூங்குகிறது, ஒருத்தன் மட்டும் விழித்திருக்கிறான். முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்த இடம் அது.

'புதுப்பித்தல்' என்ற சொல்லை வைத்து ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. கீறலைத் துடைத்தால் புதுப்பித்தது ஆகிவிடுமா? ஓலையிலிருந்த பாட்டைத் திருத்தமான எழுத்தில் அச்சடித்துவிட்டு நாலு அடியை விட்டுவிட்டால் அதை யாராவது செம்பதிப்பு என்பார்களா? பாடபேதத்துக்கு அடிக்குறிப்பு கேட்டுச் சண்டை போடும் இலக்கிய வாசகர்கள் சினிமா என்று வந்ததும் ஏன் இப்படித் தாராளமாகிவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

நண்பர் ஒருவர் சொன்னார்: "நூறு வருஷத்துப் படம் லா, யார் பார்க்கப் போறா? கொஞ்சம் ஸ்பீடா ஓட்டி, நல்ல மியூசிக் போட்டாத்தானே இப்ப உள்ள பசங்க உட்காருவாங்க?" ஸ்பீடு! மௌனப்பட மனிதர்கள் என்றாலே குடுகுடுவென்று ஓடும் கோமாளிகள் என்று நாம் நினைப்பதற்கு அதுதானே காரணம். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி மாறும். பேசும்படம் வந்தபோது ஒலிக்காக நொடிக்கு 24 சட்டகம் என்று நிலைப்படுத்தினார்கள். அதைவிட மெதுவாக எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் சாவு வீட்டில் அழுகிறவள்கூடத் தாவிக் குதிப்பாள்.

கார்ல் ட்ரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) படத்துக்கு நடந்ததைப் பாருங்கள். மூல நெகட்டிவ் தீயில் போனது. 1950களின் தொடக்கத்தில் லோ டூக்கா என்பவர் கிடைத்த வேறொரு பிரதியில் பாக், விவால்டி இசையை ஒட்டினார். ட்ரையரின் எழுத்து அட்டைகளை எடுத்துவிட்டுத் தேவாலயக் கண்ணாடி ஓவியங்களைச் செருகினார். ட்ரையர் அப்போது உயிரோடு இருந்தார். எதிர்த்தார். யார் கேட்டார்கள்? 1981இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் மூல வடிவத்தின் பிரதி கிடைக்கும் வரை சிதைந்த வடிவங்களைத்தான் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது.

சரியான வேகம் 20 சட்டகமா, 24ஆ என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. 20இல் ஓடினால் 97 நிமிடம், 24இல் 81. யுரேகாவின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா', கிரைடீரியன் ஆகியவற்றின் ப்ளூ-ரேக்களில் இரண்டு வேகமும் உண்டு. மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான். ஃபால்கொனெட்டியின் கண்ணில் நீர் திரண்டு இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் அந்தப் படமே. அதில் 16 நிமிடத்தை ஒரு தொழில்நுட்ப ஆள் யாரிடமும் சொல்லாமல் முடிவுசெய்துவிட்டுப் போக முடியாது.

பார்த்தைப் படித்த தம்பி தங்கைகள் இங்கே கை தூக்குவார்கள்: ஆசிரியன்தான் இறந்துவிட்டானே, அவன் நோக்கத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்? பார்த் எழுதியது வாசிப்பைப் பற்றி. பக்கத்தைக் கிழிக்க அவர் யாருக்கும் அனுமதிச் சீட்டு தரவில்லை. நீலச் சாயம் பிரதியில் இருந்த ஒன்று. முர்னாவின் மண்டைக்குள் புகுந்து தேடவேண்டியது இல்லை.

ஜார்ஜியோ மோரோடர் 1984இல் 'மெட்ரோபோலிஸ்'க்கு ராக் பாட்டுப் போட்டு வெளியிட்டபோது எத்தனையோ பேர் திட்டினார்கள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் இல்லை. தன் பெயரைப் போட்டுத்தான் செய்தார். அது மோரோடரின் மெட்ரோபோலிஸ் என்று தெரிந்தே பார்க்கிறோம். பெயர் போடாமல் செய்கிறவர்களிடம்தான் என் சண்டை.

சிக்கலான ஆள் சாப்ளின். 1942இல் தன்னுடைய 'கோல்டு ரஷ்' (1925) படத்தைத் தானே பிரித்து மேய்ந்தார்: எழுத்து அட்டைகளுக்குப் பதில் தன் குரல், புது இசை, கடைசி முத்தத்துக்கு வெட்டு. உருவாக்கியவரே மாற்றியபின் எது அசல்? 53 வயதுச் சாப்ளினுக்குத் தன் படத்தை மறுபடி எடுக்க முழு உரிமை உண்டு. 36 வயதுச் சாப்ளினின் படத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கும் உரிமையை மட்டும் நான் அவருக்கும் தரமாட்டேன். 1925ஆம் ஆண்டு வடிவத்தை கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் மீட்டுக் கொடுத்ததால் இன்று இரண்டையும் ஒரே வட்டில் பார்க்க முடிகிறது. 1925இலிருந்து தொடங்குங்கள். முத்தம் அதில்தான் இருக்கிறது.