முடிக்காத தாள்களின் பக்தர்களுக்கு

போன வருடம் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வெளிவருவதற்கு முன் ஒரு நண்பனுக்கு கூகுள் டாக் லிங்க் அனுப்பி, திருத்தும் அனுமதியும் கொடுத்திருந்தேன். அவன் வெர்ஷன் ஹிஸ்டரிக்குள் போய் முதல் டிராஃப்டைத் தோண்டி எடுத்துப் படித்திருக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட். "மச்சி, ஃபர்ஸ்ட் எழுதினதுதான்டா உயிரோட இருக்கு. அப்புறம் உட்கார்ந்து இழைச்சு இழைச்சு கெடுத்துட்ட." கூடவே ஒரு படம். டர்னரின் நீர்வண்ணத் தாள் ஒன்று. மேலே மஞ்சள், கீழே நீலம், நடுவில் இரண்டும் கலங்கிய ஒரு பட்டை, அவ்வளவுதான். "இதையெல்லாம் அந்த ஆள் யாருக்கும் காட்டவே இல்ல. இதான் ரியல் டர்னர்."

ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. கோபம் என் டிராஃப்டைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, டர்னரைப் பற்றிச் சொன்னதுதான் அதிகமாக உறுத்தியது. ஏனென்றால் அதை நண்பன் மட்டும் சொல்லவில்லை. நம் தலைமுறையில் ஓவியம் பார்க்கிற, கவிதை எழுதுகிற பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம். எடிட் செய்தால் உயிர் போய்விடும், முதலில் வந்ததே உண்மை, கலைஞன் மறைத்து வைத்ததே கலைஞன். டர்னரின் தாள்கள் இந்த நம்பிக்கைக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டன. அந்தக் கோயிலில் சாமி இல்லை என்று சொல்ல வருகிறேன்.

முதலில் அந்தத் தாள்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்று பார்ப்போம். டர்னர் 1851 டிசம்பரில் இறந்தார். தன் முடிக்கப்பட்ட ஓவியங்கள் நாட்டுக்குச் சேர வேண்டும், அவற்றுக்கென்று தனியாக ஒரு கூடம் வேண்டும் என்பது உயிலில் இருந்த ஆசை. 'முடிக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு ஓவியங்களை மட்டும் க்ளாட் லொரேனின் இரண்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லியிருந்தார். இன்னாரோடு என்னை ஒப்பிடுங்கள் என்று செத்த பிறகும் சவால் விட்ட மனிதர். சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1856இல் சமரசம் ஆனபோது பணம் பெரும்பாலும் உறவுக்கும், ஸ்டூடியோவில் கிடந்த அத்தனையும் நாட்டுக்கும் என்று முடிவானது. சுமார் 300 எண்ணெய் ஓவியங்கள், சுமார் 30,000 தாள் வேலைகள், அவற்றில் ஏறக்குறைய 300 ஸ்கெட்ச் புத்தகங்கள். ஆக, அந்த மஞ்சள் நீலத் தாள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் டர்னரின் ரகசிய ஆன்மா அல்ல, ஒரு கோர்ட் சமரசம்.

ஜான் ரஸ்கின் 1857 குளிர்காலத்தில் உட்கார்ந்து தகரப் பெட்டிகளிலிருந்து இவற்றை வெளியே எடுத்துத் தரம் பிரித்தார். 1909இல் ஃபின்பெர்க் பட்டியல் போட்டபோது, எந்த இடம், எந்தப் படம் என்று சொல்ல முடியாத வண்ணத் தாள்களுக்கு ஒரு பொதுப்பெயர் வைத்தார்: 'வண்ணத் தொடக்கங்கள்'. நல்ல பெயர்தான். தொடக்கம் என்று பெயரிலேயே இருக்கிறது. ஆனால் 1966இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் டர்னருக்குக் கண்காட்சி வைத்தபோது, இந்தத் தொடக்கங்களும் முடிக்காத எண்ணெய் ஓவியங்களும் முன்வரிசைக்கு வந்தன. அருவ ஓவியம் ஆட்சி செய்த நகரம் அது. தன் தாத்தாவைக் கண்டுபிடித்த சந்தோஷம் அதற்கு. அன்றிலிருந்து நாம் எல்லோரும் அந்தத் தாத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆன்சைட் வேலையாக லண்டனில் எட்டு மாதம் இருந்தபோது டேட் பிரிட்டனின் அச்சுகளும் சித்திரங்களும் வைத்திருக்கும் அறைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போனேன். யார் வேண்டுமானாலும் போகலாம். பெட்டி வந்தது. பென்சிலால் மட்டும்தான் குறிப்பெடுக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், முதல் தாளிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. அவ்வளவு அழகு. ஆனால் ஐந்தாறு தாள் தாண்டியதும் வேறு ஒன்று தெரிய ஆரம்பித்தது. ஒரே அளவுத் தாள்கள், ஒரே மாதிரிப் பிரிப்பு, ஓரங்களில் தூரிகையைச் சோதித்துப் பார்த்த தீற்றல்கள். எனக்குப் பழகின வாசனை அடித்தது. வேலை நடக்கிற இடத்தின் வாசனை.

அது வேலை நடந்த இடமேதான். டர்னர் பல தாள்களை ஒரே நேரத்தில் பலகையில் ஒட்டி, நனைத்து, ஈரத்திலேயே வண்ணத்தை விட்டு, ஒன்று காயும் நேரத்தில் அடுத்ததற்குப் போவார். 1825இலிருந்து பதின்மூன்று வருடம் 'இங்கிலாந்தும் வேல்ஸும்' என்ற செதுக்கோவியத் தொடருக்காகக் கிட்டத்தட்ட நூறு நீர்வண்ணங்கள் செய்தார். பதிப்பாளர், செதுக்குபவர்கள், கெடு எல்லாம் உண்டு. எரிக் ஷேன்ஸ் என்ற ஆய்வாளர் 1997இல் டேட்டில் நடத்திய கண்காட்சியில் வண்ணத் தொடக்கங்களை எடுத்து, இது இந்த ஊருக்கு, இது அந்தக் கோட்டைக்கு என்று ஒன்றொன்றாகப் பொருத்திக் காட்டினார். நாம் 'தூய ஒளி' என்று கண் கலங்கிய பல தாள்கள், ஏதோ ஒரு ஊருக்கு வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும் என்று போட்ட முன்வேலை.

ஃபார்ன்லி ஹாலில் 1818இல் நடந்தது டர்னர் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். நண்பர் வால்டர் ஃபாக்ஸ், ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பெரிசு என்று காட்டுகிற மாதிரி ஒரு படம் போடச் சொல்ல, காலைச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தார். ஃபாக்ஸின் மகன் பக்கத்தில் இருந்து பார்த்தான். தாள் ஊறிப்போகும்வரை வண்ணத்தைக் கொட்டினார், தேய்த்தார், சுரண்டினார், வெறி பிடித்தவர் மாதிரி. பார்த்தவனுக்கு முதலில் குழப்பம் மட்டும்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் கயிறும் பீரங்கி வாய்களுமாக முழுக் கப்பல் வந்துவிட்டது. முதல் அரை மணியில் யாராவது கதவைத் தட்டி டர்னர் எழுந்து போயிருந்தால், அந்தத் தாள் இன்று ஒரு சுவரில் அருவ ஓவியத்தின் முன்னோடியாகத் தொங்கும். நாமும் போய் நின்று பெருமூச்சு விடுவோம்.

சரி, விட்டால் என்ன கெட்டுப்போகிறது? அழகாக இருக்கிறதை அழகாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன குற்றம்? நண்பன் இதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி.

ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தில் நெருப்பும் புகையும் கூட்டமுமாக ஒன்பது நீர்வண்ணங்கள் இருக்கின்றன. 1834இல் பாராளுமன்றம் எரிந்ததை டர்னர் நேரில் பார்த்துத் தீட்டியவை என்று நெடுங்காலம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டேட்டின் ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, அது வேறு தீ. 1841இல் லண்டன் கோபுரக் கோட்டையின் ஆயுதக் கிடங்கு எரிந்தது. ஏழு வருடம் தள்ளி, வேறு இடத்தில் நடந்த தீ! தாள் அவ்வளவு திறந்திருந்ததால், நமக்குப் பிடித்த தீயை நாம் அதில் வைத்துக்கொண்டோம். 'கடல் அரக்கர்களோடு சூரிய உதயம்' என்று ஒரு முடிக்காத எண்ணெய் ஓவியம் இருக்கிறது. பெயர் அவர் வைத்ததில்லை. அரக்கர்கள் என்று சொல்லப்படுபவை வெறும் மீன்களாக இருக்கலாம், கொஞ்சம் வலையும். முடிக்காத தாள் யாரையும் மறுத்துப் பேசாது. அதனால்தான் நமக்கு அதன்மேல் இவ்வளவு பாசம் என்று எனக்குச் சந்தேகம்.

என் முக்கியமான புகார் இனிமேல்தான். டர்னர் ஒரு தாளை முடிக்கும்போது அதில் என்ன சேர்க்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மனிதர்களை. 1810இல் ஃபார்ன்லியில் ஒரு புயலைப் பார்த்து, கடிதத்தின் பின்பக்கத்தில் அதன் வடிவத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு, இன்னும் இரண்டு வருடத்தில் இதை ஹானிபால் என்ற பெயரில் பார்ப்பாய் என்றார். 1812இல் ராயல் அகாடமியில் அது வந்தது. அதே புயல், ஆனால் அடியில் கொள்ளையடிக்கிறவர்கள், கொள்ளை கொடுக்கிறவர்கள், பின்தங்கிச் செத்துக்கொண்டிருக்கும் சிப்பாய்கள். மாவீரன் ஹானிபாலையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூரத்தில் ஒரு எறும்பு அளவுக்கு ஒரு யானை. 'இங்கிலாந்தும் வேல்ஸும்' தொடரில் நார்த்தாம்டன் தேர்தல் கூட்டம் இருக்கிறது. டட்லி என்ற ஊர் இருக்கிறது: மேலே பாழடைந்த கோட்டை, கீழே கால்வாயில் சரக்குப் படகுகள், உலைகளின் நெருப்பு. தொழிற்புரட்சியை ஒரு நிலக்காட்சி ஓவியர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது. அந்தத் தொடர் வியாபாரத்தில் தோற்றது. 1839இல் ஏலத்துக்கு வரவிருந்த தகடுகளையும் மிச்ச அச்சுகளையும், மலிவாகச் சிதறிவிடக் கூடாது என்று, 3,000 பவுண்டு கொடுத்து டர்னரே வாங்கினார். கஞ்சன் என்று பெயரெடுத்த மனிதர். தன் முடித்த வேலையை அவர் எப்படி மதித்தார் என்பதற்கு இதற்கு மேல் என்ன ரசீது வேண்டும்?

1840இல் காட்டப்பட்ட 'அடிமைக் கப்பல்' இப்போது பாஸ்டனில் இருக்கிறது. சிவந்த அந்தி, கொந்தளிக்கும் கடல். வலது மூலையில் தண்ணீருக்கு மேலே விலங்கு பூட்டிய ஒரு கால், அதை மொய்க்கும் மீன்கள். புயல் வருகிறது என்று கப்பல்காரர்கள் அடிமைகளைக் கடலில் வீசுகிறார்கள். மனதுக்குள் அந்த ஒரு காலையும் விலங்கையும் அழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது அற்புதமான சூரிய அஸ்தமனம். வரவேற்பறையில் மாட்டலாம். இந்த ஓவியத்தைப் பற்றி ரஸ்கின் எழுதிய பிரபலமான வர்ணனையிலும் கடலும் வானமும்தான் பக்கத்தை நிறைக்கின்றன. அது அடிமைக் கப்பல் என்ற தகவல் அடிக்குறிப்பில் வருகிறது. டர்னரை நெஞ்சில் வைத்திருந்த மனிதருக்கே கண் அப்படி வழுக்கியது. நமக்கு வழுக்காதா?

அலுவலகத்தில் பிஓசி என்று ஒன்று செய்வோம். டெமோவில் எல்லோரும் கைதட்டுவார்கள். அதில் ஒரு யூசர்கூட இருக்க மாட்டார். தப்பான தேதி போடுகிறவர், பாதியில் நெட் போனவர், பெயரில் இன்ஷியல் இல்லாதவர் என்று ஆட்கள் உள்ளே வர வர கோடு அசிங்கமாகிக்கொண்டே போகும். அந்த அசிங்கம்தான் வேலை.

நான் சொல்வதற்கு எதிராக டர்னரிடமே சாட்சிகள் இருக்கின்றன, மறைக்கப்போவதில்லை. 1842இல் அவர் காட்டிய 'பனிப்புயல்' ஓவியத்தை விமர்சகர்கள் சோப்பு நுரை என்று கிண்டல் செய்தார்கள். எங்கே முடிகிறது என்ற கோட்டை அவரே தள்ளிக்கொண்டே போனார். அதே வருடம் ஸ்விட்சர்லாந்துக் காட்சிகளுக்கு 15 மாதிரித் தாள்களைத் தரகர் க்ரிஃபித்திடம் கொடுத்து, பிடித்ததைச் சொல்லுங்கள், முடித்துத் தருகிறேன் என்றார். ஆக, ஸ்டூடியோத் தாள்களை யாருக்கும் காட்டவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்டினார், சாம்பிளாக. 'நீல ரீகி' அப்படி வந்தது. மாதிரித் தாளில் மலையும் ஒளியும். முடித்த ஓவியத்தில் ஏரியில் நாய்கள் பாய்கின்றன, துப்பாக்கிச் சத்தத்துக்கு வாத்துகள் பதறி எழுகின்றன. அந்த அமைதியான காலையில் யாரோ சுடுகிறார்கள். 2007இல் பொதுமக்களிடமும் நிதி திரட்டி டேட் 49.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது முடித்ததைத்தான்.

இன்னொரு சாட்சி இன்னும் வேடிக்கை. 1835இல் பாராளுமன்றத் தீ ஓவியத்தை, ஏறக்குறைய ஒன்றுமில்லாத கேன்வாஸாக பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷனில் மாட்டிவிட்டு, திறப்புக்கு முன்னால் மற்ற ஓவியர்கள் சுற்றி நின்று பார்க்க, அங்கேயே தீட்டி முடித்தார். தொடக்கத்தைப் பெட்டியில் வைத்தவர், முடிப்பதை ஊரே பார்க்கச் செய்தார்.

இனி என் கட்டுரை. நண்பனுக்குப் பிடித்த அந்த முதல் டிராஃப்டில் ஒரு ஆஸ்பத்திரி வராண்டா, ட்யூப் லைட், வெளியே மழை, தனியாக நான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே மூச்சில் எழுதியது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் திருத்த உட்கார்ந்தபோது, அப்பாவுக்கு எந்த வேளை என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்க அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. எல்லா வேளையும், பில் நம்பர் உட்பட. பதினோரு ராத்திரி அந்த வராண்டாவில் பெஞ்சில் படுத்தவள் அவள். நான் பெங்களூரிலிருந்து வந்து இருந்தது மூன்று ராத்திரி. முதல் டிராஃப்டில் அக்கா எங்குமே இல்லை. மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அந்த வேகத்தில் எனக்கு என்னைத் தவிர யாரும் தெரியவில்லை. அவளைச் சேர்த்ததும் மழை குறைந்தது, தனிமை போயே போய்விட்டது, நண்பனுக்குப் பிடித்த அந்த 'உயிர்' போய்விட்டது. போகட்டும்.

அச்சில் வந்த கட்டுரையை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் ப்ளூ டிக் மட்டும். மூன்றாம் நாள் காலையில் மெசேஜ்: "நல்லா எழுதியிருக்க தம்பி. ஆனா அந்த ஃப்ளாஸ்க் சிவப்பு இல்லடா, பச்சை. சிவப்பு பக்கத்து பெட்காரங்களுது."

இதழ் ஆசிரியருக்கு எழுதி மாற்றச் சொல்லியிருக்கிறேன்.