கண் காண்பது பாதிக் கதை

இன்று திறன்பேசி இல்லாத மாணவரைக் காண்பது அரிது. பள்ளி விளையாட்டுப் போட்டி, பிறந்தநாள் விருந்து, தீபாவளி ஒளியூட்டு என எதைக் கண்டாலும் மாணவர்கள் உடனே காணொளியாகப் பதிவு செய்துவிடுகின்றனர். அவர்களுள் சிலர், திரைப்படக் கலையை முறையாகப் பயிலவும் விரும்புகின்றனர். நல்ல கேமரா ஒன்று கிடைத்தால் நல்ல படம் எடுத்துவிடலாம் என்பதே பலருடைய எண்ணம். ஆனால், இந்த எண்ணம் முழு உண்மையன்று. திரைப்படம் பயிலும் மாணவர் முதலில் பழக்க வேண்டியது தம் கண்ணையும் காதையும்தான். அதிலும், பெரும்பாலோர் மறந்துவிடும் காதுக்கே முதல் பயிற்சி தேவை.

முதலில் காட்சியைப் பார்ப்போம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு சோதனை செய்தார். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அம்முகத்தை அடுத்து ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஓர் இளம்பெண் ஆகிய காட்சிகளைத் தனித்தனியாக ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த நடிகரின் முகத்தில் பசியையும் துயரத்தையும் அன்பையும் கண்டு, அவரது நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. உண்மையில் மூன்று முறையும் அவர்கள் கண்டது ஒரே முகத்தைத்தான். ஒரு காட்சியின் பொருளை அதன் அருகில் நிற்கும் காட்சியும் தீர்மானிக்கிறது என்பதே படத்தொகுப்பின் முதல் பாடம்.

ஒலியும் அவ்வாறே பொருளை மாற்றும் ஆற்றல் உடையது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நீண்ட நடைபாதையில், இரவு நேரத்தில் ஒரு சிறுமி நடந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய காலடி ஓசைக்குப் பின்னால் இன்னொரு காலடி ஓசையும் மெல்லக் கேட்டால், பார்ப்பவர் நெஞ்சு படபடக்கும். அதே காட்சியில், ஒரு வீட்டிலிருந்து கடுகு தாளிக்கும் ஓசையும் பாட்டி பேரனை அதட்டும் குரலும் கேட்டால், அச்சம் மறைந்து வீடு திரும்பும் நிம்மதி பிறக்கும். கேமராவை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. கதையோ முற்றிலும் மாறிவிட்டது.

திரையில் கேட்கும் ஒலிகளுள் பல, படப்பிடிப்புத் தளத்தில் பதிவானவை அல்ல என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். காலடி ஓசை, ஆடையின் சரசரப்பு, கதவின் கிறீச்சொலி போன்றவற்றை ஒலிக்கலைஞர்கள் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில், படத்தைப் பார்த்துக்கொண்டே உருவாக்குகின்றனர். இக்கலை, அதன் முன்னோடியான ஜேக் ஃபோலி என்பவரின் பெயராலேயே 'ஃபோலி' என்று அழைக்கப்படுகிறது. குதிரையின் குளம்பொலிக்குத் தேங்காய்ச் சிரட்டைகளும், பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவும் பயன்பட்டிருக்கின்றன. ஒலி தானாக வந்து அமைவதில்லை. ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்துக் காட்சியில் வைக்கிறார்.

1975ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜாஸ்' என்ற படம் இதற்குச் சிறந்த சான்று. அப்படத்திற்காகச் செய்யப்பட்ட இயந்திரச் சுறா, கடல்நீரில் அடிக்கடி பழுதடைந்தது. ஆகவே, இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவைப் பெரும்பாலும் காட்டாமலேயே கதையை நகர்த்த வேண்டியதாயிற்று. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அமைத்த, இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் இசை அந்தக் குறையை நிறைவாக்கியது. வெறும் நீர்ப்பரப்பைக் கண்டே மக்கள் நடுங்கினர்.

ஒலியைச் சேர்ப்பது மட்டுமன்று, விலக்குவதும் ஒரு கலையே. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955ஆம் ஆண்டு வெளிவந்தது. வெளியூர் சென்றிருந்த தந்தை, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்காக வாங்கிய சேலையை எடுத்துக் காட்டுகிறார். தாய் கதறி அழுகிறாள். ஆனால், அவளது அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, தார் ஷெனாய் என்னும் இசைக்கருவியின் உச்ச ஒலி ஒலிக்கிறது. அழுகுரலைக் கேட்டிருந்தால் ஒரு தாயின் துயரம் மட்டுமே தெரிந்திருக்கும். இசையாகக் கேட்கும்போதோ, சொல்லி ஆற்ற முடியாத துயரமாக அது பெருகிவிடுகிறது.

திரைப்படம் என்பது பார்ப்பதற்குரிய கலைதானே, ஒலிக்கு இத்தனை முதன்மை தேவையா எனச் சிலர் கேட்கலாம். ஊமைப் படங்களின் காலத்தில், வசனம் இல்லாமலேயே மக்கள் சிரித்தார்கள், அழுதார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அப்படங்களும் பெரும்பாலும் அமைதியில் திரையிடப்படவில்லை. அரங்கில் பியானோவோ இசைக்குழுவோ உடன் ஒலித்தது. 1987ஆம் ஆண்டு கமல்ஹாசன் நடிப்பில் வெளிவந்த 'பேசும் படம்' வசனமே இல்லாதது. ஆனால், அதில் தெருவின் இரைச்சலும் இசையும் உண்டு. வசனம் இல்லாமல் கதை சொல்லலாம். ஆனால், ஒலியைப் புறக்கணித்துக் கதை சொல்வது கடினம் என்பதையே இவை உணர்த்துகின்றன. எல்லாவற்றையும் வசனத்தாலேயே சொல்லிவிட முயல்வதுதான் புதிய மாணவர்கள் செய்யும் பெரிய தவறு.

இவ்வட்டாரத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் பணியாற்றிய பி. ரம்லி, முதலில் பின்னணிப் பாடகராகவே திரையுலகில் அடியெடுத்து வைத்தார். பின்னர் நடிகராகவும் இசையமைப்பாளராகவும் வளர்ந்து, 1955இல் 'பெனாரெக் பெச்சா' படத்தின்வழி இயக்குநரானார். அவருடைய படங்களில் பாட்டும் காட்சியும் ஒட்டாமல் தனித்து நிற்பதில்லை. இரண்டையும் அறிந்த ஒருவரின் கைவண்ணம் அவற்றில் தெரிகிறது.

காதைப் பழக்குவதற்குப் பணம் தேவையில்லை. கோப்பிக்கடையில் பத்து நிமிடம் கண்களை மூடி அமர்ந்தால் போதும். தே தாரிக் ஆற்றும் ஓசை, ரொட்டி மாவைப் பலகையில் அடிக்கும் ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை, நான்கு மொழிகளில் ஒலிக்கும் பேச்சு என ஒவ்வொன்றும் அந்த இடத்தின் கதையைச் சொல்லும். கேட்டவற்றைக் குறித்துவைத்து, 'இவற்றுள் மூன்று ஒலிகளை மட்டும் பயன்படுத்த வேண்டுமானால் எவற்றைத் தேர்ந்தெடுப்பது?' என்று சிந்திப்பதே சிறந்த பயிற்சி. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்குக் கைப்பேசிக் கேமராவும் போதும்.

இக்கல்வி திரைப்படம் எடுப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. சோகமான இசையைச் சேர்த்து ஒருவரை அப்பாவியாகக் காட்டலாம். அச்சமூட்டும் இசையைச் சேர்த்து அவரையே குற்றவாளியாகவும் காட்டலாம். ஒருவர் சிரித்த காட்சியை வேறு யாரோ அழும் காட்சியின் அருகில் ஒட்டி, இரக்கமற்றவர் என்ற பழியையும் சுமத்தலாம். நாள்தோறும் கைப்பேசிக்கு வந்து சேரும் காணொளிகளில் இவ்வாறு திரிக்கப்பட்டவையும் உண்டு. ஒரு காணொளி சினத்தைத் தூண்டும்போது, அதன் ஒலியை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அப்போதும் அதே சினம் எழுகிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே அதைப் பிறருக்கு அனுப்ப வேண்டும்.

கண் காண்பது பாதிக் கதைதான். மீதிக் கதையைச் சொல்வது ஒலி. அதை நேர்மையாகச் சொல்லக் கற்றவரே நல்ல கலைஞராவார். விழிப்போடு கேட்கக் கற்றவரே நல்ல பார்வையாளராவார்.