இயற்கை என்னும் சாக்கு

மீன்தொட்டியில் குஞ்சுகள் செத்து மிதக்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு வாசகம் தயாராக இருக்கிறது: ‘அது இயற்கை.’ ஆறுதல்போல் ஒலிக்கும் இவ்வாசகம் பெரும்பாலும் பொறுப்பைக் கைகழுவும் தந்திரமே என்பது நம் வாதம்.

கப்பி மீனை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரு மாதம் சுமந்து, 20, 30 குஞ்சுகளை அது உயிருடன் ஈனுவது சாதாரணம். ஈன்ற குஞ்சுகளைத் தாயே தின்பதும் உண்டு. ‘பார்த்தீர்களா, தாயே தின்கிறதே’ என்பர் இயற்கைவாதிகள். ஆனால் அதன் பூர்வீகமான டிரினிடாட் ஓடைகளில் குஞ்சு ஒதுங்குவதற்கு வேரும் புல்லும் ஆழமற்ற கரையும் உண்டு. பாசிக்கொத்துகூட இல்லாத கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே ஒளியும்? தின்பது இயற்கையாகலாம், தப்ப வழியற்ற நான்கு சுவர்கள் மனிதன் எழுப்பியவை.

நீரின் கதையும் இதுதான். கழிவும் தின்னாது அழுகும் தீனியும் அம்மோனியாவாகின்றன. பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனை விட்டு, குளோரின் நீக்காத குழாய்நீரை ஊற்றி, வேகமாக உறிஞ்சும் வடிகட்டியைப் பொருத்திவிட்டு இயற்கையைக் குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்? மாற்றுகள் எளியவை: குஞ்சுகளை இழுக்காத பஞ்சு வடிகட்டி, ஒரு கைப்பிடி ஜாவா பாசி, அன்று பொரித்த ஆர்டீமியா, சிறுகச் சிறுக நீர் மாற்றம்.

நம் இலக்கியச் சூழலுக்கும் இதில் பங்குண்டு. மீன்தொட்டியைத் தனிமைக்கும் சிறைக்கும் படிமமாக்கத் தெரிந்த நமக்கு, அதன் நீர் நஞ்சாவது ஒரு பொருட்டாகவே படவில்லை. படிமமாகிவிட்ட மீனுக்கு மூச்சுத்திணறாது என்று எண்ணிவிட்டோம் போலும்.

‘மீன்குழம்பு உண்பவர் கப்பிக்கு அழுவதா?’ என்று நகைப்போரும் உண்டு. உணவுக்காகக் கொல்வது வேறு விவாதம். வளர்க்கிறேன் என்று கொண்டுவந்த உயிரைக் கவனிக்காமல் சாகவிடுவது வாக்குத் தவறுதல். குழம்பு உண்பதால் அந்த வாக்கு ரத்தாகிவிடாது.

எல்லாம் செய்தும் சில குஞ்சுகள் சாகும். முதுகு வளைந்து பிறந்தவை, பிறவியிலேயே நலிந்தவை, காரணமே புலப்படாமல் ஒடுங்கிப்போகிறவை. அங்கே ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு இடமுண்டு; துக்கத்துக்கும் இடமுண்டு. ஆனால் துக்கம் கண்ணை மறைக்கலாகாது. எத்தனை பிறந்தன, எத்தனை எஞ்சின, அன்று நீர் எப்படி இருந்தது என்று குறித்துவைப்பதும் இரங்கலின் ஒரு வடிவமே. அடுத்த ஈற்றில் பிறக்கும் குஞ்சுகளுக்கு நம் கண்ணீரைவிட அக்குறிப்பே உதவும்.

குழந்தை பள்ளியிலிருந்து திரும்புமுன் அதே நிறத்தில் வேறொரு மீனை வாங்கிவிடும் பெற்றோருக்கும் சொல்வோம்: செத்தது என்று சொல்லுங்கள், ஏன் செத்தது என்றும் சொல்லுங்கள். மரணத்தைத் தாங்கும் வலு குழந்தைகளுக்கு உண்டு. பதிலி மீன் அவர்களுக்குக் கற்பிப்பது ஒன்றைத்தான்: போன உயிருக்குக் கடையில் விலை உண்டு, கணக்கு மட்டும் எங்கும் இல்லை.